எந்த வாசலில் கொடுப்பது?

2005 ஜனவரியில் நாகப்பட்டினத்துக்கு நிவாரணப் பணிக்குப் போய்வந்தவர்கள் ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள்: சாலையோரங்களில் குவிந்து கிடந்த பழைய துணி. ஆழிப்பேரலை அடித்த சில நாட்களிலேயே பல ஊர்களிலிருந்தும் லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. அடுத்தவர் உடுத்திக் கழித்ததைக் கட்டிக்கொள்ள மீனவக் குடும்பங்கள் மறுத்துவிட்டன. வீட்டையும் பிள்ளையையும் கடலிடம் பறிகொடுத்தவர்கள் தன்மானத்தையும் சேர்த்து இழக்க வேண்டுமா என்ன? கடைசியில் அந்தக் குவியல்களை அள்ளி அப்புறப்படுத்துவதே துப்புரவுப் பணியாளர்களுக்குத் தனி வேலையாகிப் போனது.

2004 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தவர்கள். அந்தச் சாவுகளைப் பார்த்து நாடே பதறியது. கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடிவந்தது. அந்தப் பதற்றத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், துணியைவிடப் பெரிய பாடம் ஒன்று படகில் இருக்கிறது.

படகைப் பறிகொடுத்தவருக்குப் படகு வாங்கிக் கொடுப்பது, கொடுப்பவருக்கும் நிறைவான காரியம். புத்தம்புதிய ஃபைபர் படகின் பக்கவாட்டில் அமைப்பின் பெயரை எழுதலாம். அது கடலில் இறங்குவதைப் படம் எடுக்கலாம். தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. பல ஊர்களில், அலைக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் கரையில் நின்றன. அவசரத்தில் கட்டியவற்றில் சில தரமில்லாமல் போயின. ஏற்கெனவே மீன்வரத்து குறைந்துகொண்டிருந்த கரையில் வலை வீசுவோர் பெருகினார்கள். அதே நாட்களில், உப்புநீர் ஏறிப் பாழான வயல்களையே நம்பியிருந்த விவசாயக் கூலிகள், தலையில் கூடை சுமந்து மீன் விற்ற பெண்கள், கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் ஆகியோர் நிவாரணப் பட்டியலில் பெயர் வரவே மன்றாட வேண்டியிருந்தது. இழந்ததாகக் காட்ட அவர்களிடம் படகு இருந்ததில்லை. படகில்லாதவருக்கு இழப்பும் இல்லை என்று கணக்கு முடிந்துவிட்டது.

அந்த நெருக்கடியில் ஸ்நேகா அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து நாகப்பட்டினத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. எந்த ஊருக்கு எது போய்ச் சேர்ந்திருக்கிறது, எந்த ஊருக்கு எது போகவில்லை என்று கணக்கு வைப்பது அதன் முக்கிய வேலை. யாருக்கும் கண்ணீர் வரவழைக்காத வேலை அது. ஆனால், சுனாமி நாட்களில் நடந்த நற்பணிகளை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் அதைத்தான் முதலில் வைப்பேன். தர்மம் செய்ய நினைக்கும் யாரும் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அந்த மையம் கேட்டது: இன்னும் யாரும் போகாத வீடு எது?

எந்தத் துயரம் நம் உதவிக்கு அதிகம் உரியது என்று தராசு பிடிப்பதே இரக்கமற்ற செயல் என்று நல்ல மனிதர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆனால், தேர்ந்தெடுக்காமல் கொடுப்பவர் யாரும் இல்லை. மாதம் இரண்டாயிரம் ரூபாயைத் தர்மத்துக்கென எடுத்துவைக்கும் ஒரு குடும்பம், ஒரு வாசலில் கொடுக்கும்போதே மற்ற வாசல்களைக் கடந்து போய்விடுகிறது. தேர்வு எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நாம் யோசித்துச் செய்கிறோமா, கண்ணில் பட்ட ஒரு புகைப்படம் நமக்காகச் செய்துவிடுகிறதா என்பதுதான் விஷயம்.

புகைப்படம்தான் செய்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்றவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஐந்து டாலர். ஒரு குழுவிடம், ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படத்தைக் காட்டி உதவி கேட்டார்கள். இன்னொரு குழுவிடம், லட்சக்கணக்கானோர் பட்டினி கிடக்கும் புள்ளிவிவரத்தைச் சொல்லிக் கேட்டார்கள். சிறுமிக்குச் சராசரியாக 2.38 டாலர் விழுந்தது, புள்ளிவிவரத்துக்கு 1.14. மூன்றாவது குழுவுக்கு இரண்டையும் சேர்த்துக் காட்டினார்கள். கொடை கூடியிருக்க வேண்டும் அல்லவா? 1.43 டாலருக்கு இறங்கிவிட்டது. அவளைப்போல் இன்னும் பல லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியதும் குறைந்துபோனது.

அந்தச் சிறுமி இன்று நம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டாள். முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய் வந்த குழந்தைக்கு ஸோல்ஜென்ஸ்மா என்ற ஒற்றை ஊசிக்காக 16 கோடி ரூபாய் கேட்டு வரும் காணொளியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்தத் தாய் தகப்பன் எல்லாருடைய காலிலும் விழத்தான் செய்வார்கள். அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்வோம். அவர்களுக்குக் கொடுத்தவர்களைப் பார்த்து அந்தப் பணத்தில் இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று கணக்குப் போட்டுக் காட்டுவதும் அநாகரிகம். நான் கேட்பது வேறு. அரிய நோய்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, சிகிச்சைக்கு அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை உதவ வழி செய்கிறது. அதற்கு மேல் நிற்கும் கோடிகளை ஊரார் திரட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன நடக்கும்? நல்ல காணொளி எடுக்கத் தெரிந்த, வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் உள்ள, பகிர ஆயிரம் நண்பர்கள் உள்ள குடும்பத்தின் குழந்தைக்கு ஊசி கிடைக்கும். அதே நோயோடு ஒரு மலைக் கிராமத்தில் கிடக்கும் குழந்தைக்குக் கிடைக்காது. இது மருந்து விலைக்கும் அரசுக் கொள்கைக்கும் எதிராக நடக்க வேண்டிய போராட்டம். நம் ஆயிரம் இரண்டாயிரத்தால் தீர்க்கக்கூடிய காரியமாக அதைச் சுருக்கிக்கொண்டது, அந்தக் குழந்தைகளுக்கே நாம் செய்யும் அநீதி.

இதற்கு நேரெதிர் முனையில் நிற்கிறது காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். ஆண்டுக்கு மூன்று லட்சம் பேர் அளவில் இங்கே இந்நோயால் இறக்கிறார்கள். மருந்து இலவசம். உரிய காலம் விடாமல் சாப்பிட்டால் நோய் தீரும். பிறகு ஏன் இத்தனை சாவு? பதிலில் பெரும் பங்கு சோற்றுத் தட்டில் இருக்கிறது.

இந்தக் கதையில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் (இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும், சானடோரியத்தில் படுக்கையும் நல்ல சாப்பாடுமாகச் சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது; சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்தது. ஏழைகளுக்குக் கிடைத்த பெரிய விடுதலை அது. கூடவே, மருந்து இருந்தால் போதும், சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணமும் மெல்ல ஊறிவிட்டது.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நிறுவனமும் பங்கேற்ற இன்னோர் ஆய்வு அந்த எண்ணத்தைத் திருத்தியிருக்கிறது. மருத்துவர்கள் அனுராக் பார்கவ, மாதவி பார்கவ ஆகியோர் முன்னின்று ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடத்திய ஆய்வு. 2,800 நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப்பொருள் கொடுத்தார்கள். அவர்களின் வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு அரிசியும் பருப்பும் கூடுதலாகப் போயின. 10,000 பேருக்கு மேற்பட்ட வீட்டாரைத் தொடர்ந்து கவனித்தபோது, உணவு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடையே சாவு 60 சதவீத அளவுக்குக் குறைவு. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது.

தமிழகத்தில் 2022 முதல் நடந்துவரும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே சுகாதாரப் பணியாளர் நோயாளியிடம் சிலவற்றைப் பார்க்கிறார். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வாங்குகிறதா, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஐந்தரை அடி உயரமுள்ள ஆண் 38 கிலோ எடையோடு வந்து நின்றால், பார்ப்பவருக்கு ஆள் கொஞ்சம் ஒல்லி என்றுதான் தோன்றும். உண்மையில் அவர் சாவின் விளிம்பில் இருக்கிறார். உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சேர்த்துத் தேற்றி வீட்டுக்கு அனுப்பினால், வேலைக்குப் போக முடியாத அந்த மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மாதம் 500 ரூபாயாக இருந்த அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் 1,000 ஆனது. அதுவும் பல நேரம் தாமதமாகத்தான் வருகிறது.

2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'நிக்‌ஷய் மித்ரா' திட்டத்தில் தனிமனிதர்களே ஒரு நோயாளியின் உணவுப் பொறுப்பை ஆறு மாதத்துக்கு ஏற்கலாம். அரசு பரிந்துரைக்கும் மாதப் பட்டியல் எளிமையானது: மூன்று கிலோ அரிசி அல்லது சிறுதானியம், ஒன்றரைக் கிலோ பருப்பு, கால் கிலோ எண்ணெய், ஒரு கிலோ பால் பவுடர் அல்லது நிலக்கடலை. மளிகைக் கடையில் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். ஓர் உயிருக்கும், அந்த உயிரோடு ஒரே அறையில் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கும் ஆன செலவு இவ்வளவுதான்.

ஆனாலும் காசநோயாளிக்காகக் காணொளி சுற்றுவதில்லை. சுற்றவும் முடியாது. பெண்ணுக்கு டி.பி. என்று தெரிந்தால் வரன் நின்றுபோகும் என்று அஞ்சும் தாய், மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். வாடகைக்கு இருப்பவர், வீட்டுக்காரர் காதுக்கு எட்டாமல் இருக்க, இருமலை அடக்கிக்கொள்கிறார். தன் முகத்தைக் காட்டி உதவி கேட்க முடியாதவர்களின் நோய் இது. முகத்தைப் பார்த்தே கொடுத்துப் பழகிய நம்மிடம் அவர்களுக்கு எதுவும் வந்து சேர்வதில்லை.

இவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பேச்சு எழும். குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவனுக்கு நான் ஏன் பருப்பு வாங்கித் தர வேண்டும்? காசநோயால் சாகிற ஆண்களில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் நிறையப் பேர் என்பது உண்மைதான். ஆனால், குடிப்பவரின் தட்டுக்குப் பக்கத்தில் அவர் மனைவியின் தட்டும் குழந்தையின் தட்டும் இருக்கின்றன. அவர்களே இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. பசித்தவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும் உரிமை நமக்கு யார் கொடுத்தது?

இந்த வழக்கில் தமிழ் மண்ணே ஒரு தீர்ப்பை எழுதிவைத்திருக்கிறது. 1867 மே மாதம் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை (வறுமை), பயம், கொலை என்று பிரித்துப் பார்க்கிறார். எல்லாமே நீக்கப்பட வேண்டியவை. ஆனாலும், எல்லாம் சமம் என்று அவர் விட்டுவிடவில்லை. பசியையும் கொலையையும் நீக்குவதை முன்னே வைக்கிறார். இரக்கத்துக்கு வரிசை போடுவது அயல்நாட்டுப் பொருளாதார வல்லுநர்கள் கொண்டுவந்த புதுப்பழக்கம் என்பவர்கள் அந்த நூலைப் படிக்க வேண்டும். துன்பங்களுக்குள் வரிசை போட்ட அதே வள்ளலார், பசித்தவர்களுக்குள் வரிசை போட மறுக்கிறார். வந்தவரின் ஊர், சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் சோறு போட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அன்று மூட்டிய அடுப்பு வடலூரில் இன்றும் எரிகிறது. எதைத் தீர்ப்பது என்பதில் யோசனை வேண்டும். யாருக்குத் தீர்ப்பது என்பதில் பேதம் கூடாது. எனக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேறெங்கும் கிடைக்கவில்லை.

இரக்கம் போய்ச் சேராத இடங்களில் மிகக் கொடியது மனநோய். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். 28 உயிர்கள். குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போன அவர்கள் உயிரோடு இருந்தபோது, அவர்களுக்காக எந்த வாசலிலும் யாரும் உண்டியல் குலுக்கியதில்லை. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1993இல், தெருவில் திரிந்த மனநலம் குன்றிய பெண்களுக்காகச் சென்னையில் 'தி பேனியன்' அமைப்பைத் தொடங்கினார்கள் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள். அழுக்குப் புடவையோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு போகும் பெண்ணைக் கண்டால் ஊர் விலகி நடக்கும். அப்படி ஊர் விலகி நடக்கும் இடத்தில்தான் நம் பணத்துக்கு வேலை அதிகம்.

ஆனால், ஓர் எச்சரிக்கை. ஒரு லட்சம் ரூபாயில் எத்தனை உயிர் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்தால், முற்றிய புற்றுநோயில் வலியோடு படுத்திருப்பவருக்கு ஒரு பைசாகூடப் போகாது. அவர் பிழைக்கப் போவதில்லை. எந்தக் கணக்கிலும் காப்பாற்றப்பட்ட உயிராக வர மாட்டார். அந்த வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை விலை அதிகமில்லாதது. அதைப் பரிந்துரைக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும், வாரம் ஒருமுறை வீடு தேடிப்போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டும் செவிலியரும்தான் கிடைப்பதில்லை. கடைசி மாதங்களில் ஒருவர் அலறாமல் தூங்குவது எண்ணிக்கைக்கு அகப்படாத நன்மை. அதை ஒதுக்கிவிடும் கணக்கு எனக்குத் தேவையில்லை. அப்படியானால், உறவினர் வீட்டுப் பிள்ளைக்கும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகளுக்கும் கல்லூரிக் கட்டணம் கட்டுவது எந்தக் கணக்கு என்று சிலர் கேட்பார்கள். அது கடமை. தாராளமாகச் செய்யுங்கள், தர்மக் கணக்கில் மட்டும் எழுத வேண்டாம்.

இனி, நாம் அடிக்கடி கொடுக்கும் வாசலுக்கு வருகிறேன். முதியோர் இல்லங்களிலும் குழந்தைகள் இல்லங்களிலும் அலுவலக மேசையில் ஒரு தடித்த நோட்டு இருக்கும்; பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள் சாப்பாட்டுக்குத் தேதி குறிக்கும் நோட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பியிருக்கும். செவ்வாய், புதன் காலைகள் வெற்றாகக் கிடக்கும். எனக்குப் பழக்கமான ஒரு முதியோர் இல்லத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்கள் பிரியாணியும் கேசரியுமாக வந்து இறங்கின. சர்க்கரை நோயுள்ள பாட்டிகள் கொடுத்தவர்களின் மனம் நோகக் கூடாது என்று சாப்பிட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் அவதிப்பட்டார்கள். அதே வாரம், படுக்கையிலேயே இருப்பவர்களுக்கான டயபர் தீர்ந்துபோயிருந்தது. இரவுப் பணிக்கு இருந்த ஆயாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. பிரியாணியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஆயாவின் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், நள்ளிரவில் அந்தப் பாட்டியைப் புரட்டிப் படுக்கவைக்கும் கை ஆயாவுடையது. தொண்டு நிறுவனங்கள் சம்பளத்துக்குச் செலவழித்தாலே அது வீண்செலவு என்று நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். வாங்குபவரின் யோக்கியதையைத் துருவுவதற்கே இந்தப் பழமொழியைப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். துருவ வேண்டியது, இடையில் நின்று நம் பணத்தைக் கொண்டுசேர்க்கும் அமைப்பை. போன ஆண்டின் தணிக்கைக் கணக்கைக் கேளுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். உங்களுக்கு இப்போது உண்மையில் தேவைப்படுவது என்ன என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தயங்காமல், குறிப்பாகப் பதில் சொல்லும் இடத்தை நம்பலாம். வருகிறவர்களுக்குக் காட்ட நிற்கவைத்த குழந்தைகளின் வரிசை மட்டுமே பதிலாகக் கிடைத்தால், வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்த பிறந்தநாளுக்கு இல்லத்துக்குச் சாப்பாடு சொல்வதாக இருந்தால், ஞாயிறு வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தொகையில் ஒரு மாத டயபரோ, ஆயாவின் சம்பளத்தில் ஒரு பங்கோ போகட்டும். உங்கள் மாவட்டக் காசநோய் மையம் பெரும்பாலும் அரசு மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஒரு நோயாளியின் ஆறு மாத உணவுக்கு உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அவர் பெயரையும் முகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். ஆறு மாதமும் ஒரு மாதம்கூட விட்டுப்போகாமல் கொடுங்கள்.